கொவிட் மரணக் கணக்கில் யார் சேர்ந்தார், யார் சேரவில்லை?

[திரை: 2020 இறுதி. மரணங்கள்: 29]

வணக்கம். 2020ஆம் ஆண்டு முடிந்தபோது, சிங்கப்பூரில் கொவிட்-19 தொற்றால் மாண்டவர்கள் 29 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியான ஆண்டு அது. ஊழியர்களில் பெரும்பாலோர் இளவயதினர் என்பது மரணங்கள் இவ்வளவு குறைவாக இருந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் தொற்று உறுதியான சிலர் இதயநோயால் இறந்ததும், அவர்கள் கணக்கில் சேர்க்கப்படாததும் தெரியவந்தபோது, "அப்படியானால் இது என்ன கணக்கு?" என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான்.

[திரை: மரணச் சான்றிதழ் மாதிரி]

விடை இந்தத் தாளில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த சான்றிதழ் முறையில் இரண்டு பகுதிகள் உண்டு. எடுத்துக்காட்டாக, முதல் பகுதியின் மேல்வரியில், உயிர் பிரிய உடனடிக் காரணமாக இருந்த மூச்சுத் திணறலை மருத்துவர் எழுதுகிறார். அதற்குக் காரணமான நிமோனியா அடுத்த வரியிலும், நிமோனியாவுக்குக் காரணமான கொவிட்-19 அதற்கும் கீழேயும் வருகின்றன. சங்கிலியைத் தொடங்கிவைத்த அந்த அடிவரி நோயே கணக்கில் ஏறுகிறது. மாரடைப்பில் இறந்தவருக்குத் தொற்றும் இருந்து, அது மாரடைப்புக்குக் காரணமில்லை என்று மருத்துவர் முடிவுசெய்தால், கொவிட்-19, மரணத்துக்குத் துணைபோன பிற நோய்களுக்கான இரண்டாம் பகுதிக்குப் போகலாம்; எண்ணிக்கையில் சேர்வதில்லை. சுகாதார அமைச்சு இந்த அனைத்துலக முறையைத்தான் பின்பற்றியது, அதை வெளிப்படையாகவும் சொன்னது. ஆனால் நாள்தோறும் மக்கள் கண்ணில் பட்டது எண் மட்டுமே. விதி அறிக்கையின் உள்ளே கிடந்தது. வாட்ஸ்அப் வதந்திக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

[திரை: சென்னை, ஜூலை 2020]

நம்மில் பலர் அதே நேரத்தில் தமிழ்நாட்டு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம். 2020 ஜூலையில், சென்னையில் விடுபட்டிருந்த 444 மரணங்களைத் தமிழக அரசு ஒரே நாளில் கணக்கில் சேர்த்தது. அடுத்த ஆண்டு, கொவிட்டால் இறந்தோர் குடும்பங்களுக்கான இழப்பீட்டுக்காக இந்தியா வகுத்த விதி, தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் நிகழ்ந்த மரணத்தை, விபத்து போன்றவை நீங்கலாக, கொவிட் மரணமாக ஏற்றது. இங்கே கணக்கில் வராத அதே மாரடைப்பு அங்கே வரக்கூடும் என்னும்போது, இரு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

[திரை: 2,490 / 1,403]

விதியைச் சாராத அளவுகோல் ஒன்று உண்டு: வழக்கமாக எதிர்பார்க்கப்படும் மரணங்களைவிட எத்தனை கூடுதலாக நிகழ்ந்தன என்று பார்ப்பது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் 2022 ஜூன் வரை அவ்வாறு கூடுதலானவை 2,490 என்று இங்குள்ள சுகாதார அமைச்சே அறிவித்தது. அவற்றுள் நேரடிக் கொவிட் மரணங்கள் 1,403. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை, வேறு நோயால் இறந்தபோது தொற்று இருந்தவர்கள் அல்லது அண்மையில் தொற்றியவர்களுடையவை என்று அது விளக்கியது. கேட்டவர்கள் கேட்டது இதைத்தான். ஆனால் அந்த அறிக்கை வெளிவந்தது 2022 செப்டம்பரில். அதற்குள் நாள்தோறும் எண்ணிக்கை பார்க்கும் வழக்கமே பலருக்கு விட்டுப்போயிருந்தது.