மீன் தராசில் தொங்கிய பேஸ்

வணக்கம் உறவுகளே. இலங்கைத் திருகோணமலையிலிருந்து நான். அதே அறை, அதே கிரீச்சிடும் மின்விசிறி. மடியில் இருக்கிற பேஸ் கிட்டார் மட்டும் புதுசு. பாருங்கோ, ஒற்றைக் கையால் தூக்குகிறேன். பழையதை இப்படித் தூக்கியிருந்தால் இந்த வீடியோவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் எடுத்திருப்பேன்.

பழைய ஆறு தந்தி பேஸை உங்களுக்குத் தெரியும். 5 கிலோ 200 கிராம். சீசன் நேரம் உப்புவெளி ஹோட்டல்களில் மூன்று மணித்தியாலம் நின்று வாசித்துவிட்டு வந்தால் இடது தோளில் ஸ்ட்ராப் தடம் சிவந்து கிடக்கும். அதை விற்றவர் "நாலு கிலோதான் தம்பி" என்று சொல்லித்தான் தந்தார். அன்றிலிருந்து யாராவது "லேசாத்தான் இருக்கும்" என்றாலே எனக்கு எரிச்சல் வரும். லேசு என்று ஓர் எடை இருக்கிறதா? கிராமில் சொல்லுங்கோ.

உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிப் பலர் எழுதியிருந்தீர்கள். அமெரிக்க பேஸ் கலைஞர் அந்தனி ஜாக்சனும் உட்கார்ந்துதான் வாசித்தவர், ஒத்துக்கொள்கிறேன். நாம் வாசிக்கிற, பி-ஈ-ஏ-டி-ஜி-சி என்று சுருதி வைக்கிற இந்த ஆறு தந்தி, அவர் கேட்டு 1975இல் கிட்டார் செய்கிற கார்ல் தொம்சன் செய்து கொடுத்ததில் இருந்து வந்தது. ஆனால் கலியாண வீட்டில் நான் உட்கார்ந்தால் ஆடுகிற சனத்தின் முதுகுதான் தெரியும். "நாலு தந்தி போதாதா" என்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. கீழே 31 ஹேர்ட்ஸில் உறுமுகிற பி வேண்டும், மேலே சி வேண்டும். முடிந்தது கதை.

பாரம் ஏன் என்றால், ஆறு தந்திக்கு நெக் அகலம், பிரிட்ஜ் பெரிசு, ட்யூனிங் கீயும் ஆறு. மிச்சத்தை மரம் தீர்மானிக்கும். ஹார்ட் மேப்பிள் ஒரு கன மீற்றர் 700 கிலோ வரும். ஒக்குமே மரம் 430 அளவில்தான். அதனால்தான் ஐபனேஸ் கம்பனியின் எஸ்ஆர் பேஸ் வரிசையில் ஒக்குமே உடம்பு உள்ளதாகத் தேடினேன். உடம்பும் மெல்லிசு. நெக் நுனியில் கீ மாட்டுகிற தலையே இல்லாத ஸ்டெயின்பெர்கர் பாணியும் பார்த்தேன். பார்த்ததோடு சரி, விலை அப்படி.

கடைசியில் மாத்தளை நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் பாவித்த எஸ்ஆர் ஆறு தந்தி ஒன்றை 190,000 ரூபாவுக்கு விற்கப் போட்டிருந்தார். எடை கேட்டேன். "லேசு தம்பி." பார்த்தீர்களா! 4 கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, மீன் சந்தையில் தெரிந்த அண்ணையிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கி, பஸ் ஏறி, இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கிற ஹபரணைக்குப் போனேன். அவரும் அங்கே வந்தார். சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் பேஸைக் கொக்கியில் மாட்டித் தூக்கினேன். தராசில் இன்னும் பாரை மீன் வாசம். கடைக்குள் இருந்தவர்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். எண் 3.9இல் ஆடியது, 4.1க்குப் போனது, மெல்ல மெல்ல 4.020இல் வந்து நின்றது.

20 கிராம்! எனக்கு அழுகை வராத குறை. "நானா, நாலு தாண்டிவிட்டதே" என்று முகத்தைத் தொங்கப் போட்டேன். அவர் என்னையும் தராசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, 185 தாங்க" என்றார். 20 கிராமுக்கு 5,000 ரூபா. என் வாழ்நாளில் இப்படிப் பேரம் பேசியதில்லை.

வாசித்துப் பார்த்ததில் குறை ஒன்றுதான். உடம்பு லேசு, தலையில் ஆறு கீ, அதனால் கையை எடுத்தால் நெக் கீழே சாய்கிறது. லேசான பேஸ் தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கோ, எடை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப் போட்டேன், சட்டையில் பிடித்து நிற்கிறது. வழுக்குகிற நைலோன் ஸ்ட்ராப் எனக்கு எப்போதுமே பிடிக்காது. நானா தந்ததும் அந்த நைலோன்தான், அதைக் கழற்றி...

ஐயோ, முக்கியமானதைச் சொல்லவில்லை. கொக்கியை எதில் மாட்டினேன்? அந்த நைலோன் ஸ்ட்ராப்பில்! அதுவும் சேர்ந்துதான் 4.020. வீட்டுக்கு வந்து கழற்றி நிறுத்தேன், ஸ்ட்ராப் மட்டும் 180 கிராம். அப்படியென்றால் பேஸ் 3 கிலோ 840! அறைக்குள் தனியாக நின்று கத்தினேன், அம்மா ஓடி வந்துவிட்டா. நானாவுக்கு உடனே கோல் எடுத்துச் சொல்லி, 5,000ஐத் திருப்பி அனுப்பவா என்றும் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் காது அடைத்துவிட்டது. "வெச்சிக்கங்க தம்பி, தந்தி வாங்குங்க" என்றார். ஆறு தந்தி செட் விலை தெரிந்த மனுசன்.

காலையில் தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். விலையையும் எடையையும் சொன்னதும் மீன்கார அண்ணை கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். "கிலோ நாற்பத்தெட்டாயிரமோ? தலையை வெட்டிப்போட்டு நிறுத்தியோ, தலையோடயோ?"