நடுச்சாமத்தில் 85

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஹட்டன் பக்கத்து ஆள். பகலில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறேன். மிச்ச நேரத்தில் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பேன். இந்த உரைக்கு என்னை அழைத்தவர், "கம்ப்யூட்டர் விஷயமே பேசுங்கள், ஆனால் லயத்தில் சமைத்துக்கொண்டே கேட்கிற அம்மாவுக்கும் விளங்க வேண்டும்" என்றார். என் அம்மா அப்படிக் கேட்கிறவர்தான். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். சரி, அவருக்குச் சொல்வதாகவே நினைத்துச் சொல்கிறேன்.

அம்மா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் பின்னேர நிறுவையில் தராசு கெட்டுவிட்டது. நல்ல மழை. முள் அசையவில்லை. எல்லோரும் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள். கணக்கு எழுதியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முதல் நாள் பின்னேரம் அவரவர் பேருக்கு என்ன கிலோ விழுந்திருந்ததோ அதையே எழுதிவிட்டார். முதல் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல், நாலு கிலோதான் எடுத்திருந்தார். அன்றைக்கோ கூடை நிறைய. கொப்பியில் விழுந்தது நாலு. "நிறுக்கலனு எழுதியிருந்தா தொரைகிட்ட போய்க் கேட்டிருப்போம். நாலுனு எழுதிட்டாங்களே, எழுதுனத யாரு மாத்துவா?" என்பார். எந்தத் தோட்டம், யார் எழுதியது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அந்த நாலு கிலோ மட்டும் இந்த உரையில் திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்தது கலெக்ட்டி என்ற மென்பொருளைப் பற்றி. ஃபுளோரியான் ஃபோர்ஸ்டர் என்ற ஜெர்மன்காரர் 2005இல் தொடங்கியது. யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். அது செய்கிற வேலை கணக்கப்பிள்ளை வேலைதான். பத்து விநாடிக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆளிடமும் போய், "உன்னிடம் என்ன அளவு?" என்று கேட்டு, நேரத்தோடு எழுதி வைக்கும். அந்த எண்கள் பிறகு கோடாக, வரைபடமாக நமக்குத் தெரியும். பெரிய நிறுவனங்களில் கம்ப்யூட்டர் எவ்வளவு வேலை செய்கிறது, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பதற்காக வந்த சாமான் இது.

இதில் எனக்குப் பிடித்தது, நடுவில் இருக்கிற கணக்கப்பிள்ளைக்கு ஒன்றுமே அளக்கத் தெரியாது என்பது. அளக்கிற வேலை முழுவதும் பிளகின்களுடையது. பிளகின் என்றால் பக்கத்தில் கொண்டுபோய்ப் பூட்டுகிற சின்ன நிரல். நினைவகத்தை அளக்க ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று என்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன. நமக்கு வேண்டியது அந்த நூறில் இல்லையென்றால் நாமே ஒன்று எழுதிப் பூட்டலாம்.

எனக்கு வேண்டியபடி ஒன்று அதில் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஸ்டோரின் மேல்மாடி. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். மலையிலிருந்து வந்த பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்று அடித்து இரவெல்லாம் வாட்டுவார்கள். வாட்டம் சரியா என்று பார்க்க அங்கே பலகையில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்று சும்மா இருக்கும். மற்றதன் குமிழில் பஞ்சுத் திரி சுற்றி, திரியின் நுனி தண்ணீரில் இருக்கும். காற்று காய்ந்திருந்தால் திரியிலிருந்து ஈரம் போகும், அந்தக் குமிழ் குளிரும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுக்குக் காற்று ஈரத்தை வாங்கும். இரவு வேலைக்காரர் மணிக்கொருதரம் டோர்ச் அடித்துப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். தெரிந்த டீமேக்கர் ஒருவர், "இதைத் தானாக எழுத வைக்க முடியாதா தம்பி?" என்று கேட்டார். அப்படித் தொடங்கியது.

சாமான்கள் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ராஸ்பெரி பை, கையகலக் கம்ப்யூட்டர். டிஎஸ் 18பி20 என்ற வெப்ப உணரி இரண்டு, ஒன்றில் திரி. அறுபது அடி வயர்.

இனி பிளகின். கலெக்ட்டிக்குப் பல விதமாக எழுதலாம், மூன்றை மட்டும் சொல்கிறேன். சி மொழியில் எழுதி அதன் வயிற்றுக்குள்ளேயே வைக்கலாம், வேகமானது, ஆனால் பிழை விட்டால் முழுதும் விழும். பைத்தன் மொழியில் எழுதி உள்ளே வைக்கலாம். மூன்றாவது எக்ஸெக் என்ற வழி. உங்கள் நிரல் வெளியே தனியாக ஓடும், ஒரு வரி எழுதும், கலெக்ட்டி அந்த வரியை வாசித்துக்கொள்ளும். அவ்வளவுதான். எந்த மொழியில் எழுதினாலும் சரி. முதன்முதலாக எழுதுகிறவர்களுக்கு நான் எப்போதும் இதையே சொல்வேன். கம்ப்யூட்டரின் முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கில் அந்த நிரலை ஓட்டச் சொன்னால் கலெக்ட்டி மறுத்துவிடும். நல்ல குணம்.

அந்த வரி எப்படி இருக்கும்? வானொலியில் எழுதிக் காட்ட முடியாது, சொல்கிறேன். முதலில் புட்வால் என்ற சொல். பிறகு பெயர்: எந்தக் கம்ப்யூட்டர், எந்தப் பிளகின், என்ன வகை அளவு என்று சாய்கோடு போட்டுப் பிரித்து. கடைசியில் என் என்ற ஆங்கில எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, அதற்குப் பிறகு அளவு. அந்த எழுத்துக்கு "இப்போது" என்று பொருள். "இப்போது 21.4" என்று சொல்வது போல.

உணரியிடம் அளவு வாங்குவதும் லேசு. ராஸ்பெரி பையில் ஓடுகிற இயங்குதளம் லினக்ஸ். அதில் ஒவ்வோர் உணரியும் ஒரு கோப்பாகத் தெரியும். திறந்தால் இரண்டு வரி. முதல் வரியின் கடைசியில் யெஸ் என்று இருந்தால் செய்தி வழியில் சிதையாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது வரியின் கடைசியில் டீ சமன் 21437. இது வெப்பநிலையின் டீ, நம்முடைய டீ இல்லை. ஆயிரத்தால் வகுத்தால் 21.437 பாகை. படி, வகு, எழுது, பத்து விநாடி தூங்கு, திரும்பப் படி. இருபது வரியில் முடிந்துவிட்டது.

பொருத்துவதற்கு முன் வீட்டில் உணரிகளைச் சோதித்தோம். கூட வந்த மாணவன் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு, "சேர், இது பழுது, 96தான் காட்டுது" என்றான். பழுதில்லை. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே. கிட்டத்தட்ட முந்நூறு மீற்றருக்கு ஒரு பாகை குறைந்துதான் தண்ணீர் கொதிக்கும். நுவரெலியாவில் போட்டிருந்தால் 94தான். பாடப் புத்தகத்து நூறு கொழும்பில் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன்.

முதல் நாள் பொருத்தியபோது உணரி ஒன்றுதான். வரைபடத்தில் ஒன்றுமே இல்லை. நிரலைக் கையால் ஓட்டினால் திரையில் வரிகள் அழகாக வருகின்றன. கலெக்ட்டிக்குக் கொடுத்தால் மௌனம். இருபது நிமிடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அப்புறம் திடீரென்று எல்லாம் ஒரே மொத்தமாக வந்து விழுந்தன. காரணம், நான் நிரலை எழுதிய பைத்தன் மொழி. திரைக்கு எழுதும்போது வரி வரியாக அனுப்பும். இன்னொரு நிரலுக்கு எழுதும்போது சேர்த்து வைத்துக்கொள்ளும், கொழுந்து லொறி மாதிரி, நிறைந்தால்தான் புறப்படும். என்னிடம் இருந்த பைத்தனில் அந்த லொறி 8,192 எழுத்துப் பிடிக்கும். என் வரி ஒன்று 65 எழுத்து. கணக்குப் போடுங்கள்: 126 வரி, பத்து விநாடிக்கு ஒன்று, 21 நிமிடம். போதாததற்கு ஒவ்வொரு வரியிலும் "இப்போது" என்று வேறு எழுதியிருக்கிறேன். 21 நிமிடத்துக்கு முந்தைய சூடும் வந்து இறங்கிய நேரத்தைத்தான் "இப்போது" என்றது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் "உடனே அனுப்பு" என்று ஒரு கட்டளை சேர்த்தால் தீர்ந்தது. இது எல்லோரும் ஒருமுறை விழுகிற குழி.

இனித்தான் நடுச்சாமம். இரண்டு கிழமை கழித்து டீமேக்கர் கூப்பிட்டார். "ராத்திரி ஒன்றரைக்கு மேல்மாடி இரண்டு பாகை கூடியிருக்கே, யாராவது காற்றாடியை நிறுத்தினாங்களா?" என்று இரவு வேலைக்காரர்களைக் கேட்டிருக்கிறார். அவர்கள் இல்லவே இல்லை என்கிறார்கள். ஒரு பையனுக்கு ஏச்சும் விழுந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். அவர் பார்த்தது ஐந்து நிமிடச் சராசரி. சராசரி போடாத எண்களை எடுத்துப் பார்த்தால் 20, 20, 20, நடுவில் ஒரே ஒரு 85, திரும்ப 20.

எண்பத்தைந்து பாகையில் கொழுந்து வாடாது, வெந்துவிடும். அந்த உணரியின் குணம் அது: மின்சாரம் கிடைத்து விழித்தவுடன், ஒன்றையும் அளப்பதற்கு முன், அதன் வாயில் இருக்கிற எண் 85. அளந்து முடிக்க முக்கால் விநாடி வேண்டும். அன்றிரவு நல்ல காற்று, கரண்ட் ஒரு கணம் துடித்திருக்கிறது. நீள வயரின் நுனியில் இருந்த உணரி அளந்துகொண்டிருக்கும்போதே செத்துப் பிழைத்திருக்கிறது. நான் கேட்டேன், அது 85 என்றது. செய்தி சிதையாமல் வந்ததால் முதல் வரியில் யெஸ் என்றே இருந்தது. பொய்யைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தால் அதற்கும் யெஸ்தான்.

85 அப்படியே வரைபடத்தில் நின்றிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு முப்பது அளவு. 29 தடவை 20, ஒரு தடவை 85. கூட்டி வகுத்தால் 22க்குச் சற்று மேலே. 22 என்பது நம்பக்கூடிய எண். அதனால்தான் ஒரு பையன் ஏச்சு வாங்கினான். சில பேர் உணரி பேசாவிட்டால் பூச்சியம் எழுதிவிடுவார்கள், அதுவும் இதே கதைதான், சராசரி 19.3 ஆகும், குளிர் இரவு என்று நினைத்துக்கொள்வோம். இன்னும் சில பேர் கடைசியாக வந்த அளவையே திரும்ப எழுதுவார்கள். அது அம்மாவின் நாலு கிலோ.

கலெக்ட்டியில் இதற்கென்றே ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள். அளவு இருக்க வேண்டிய இடத்தில் யூ என்று எழுதினால் "தெரியாது" என்று பொருள். வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், சராசரியிலும் சேராது. ஒன்றுமே எழுதாமல் அந்தச் சுற்றைத் தாண்டிப் போனாலும் சரிதான். நான் என் நிரலில் மூன்று வரி சேர்த்தேன்: யெஸ் இல்லையா, யூ. கோப்பே இல்லையா, யூ. சரியாக 85000ஆ, யூ. கடைசி விதி மேல்மாடிக்கு மட்டும். கீழே டிரையர் பக்கம் 85 உண்மையான சூடாகவே இருக்கலாம். அந்த இடத்தைத் தெரிந்தவன் எழுத வேண்டிய விதி அது. அந்தப் பையனிடம் போய் மன்னிப்பும் கேட்டேன்.

வகையைப் பற்றி ஒரு வார்த்தை. வெப்பமானி ஏறும், இறங்கும். கரண்ட் மீட்டர் ஏறிக்கொண்டே இருக்கும், நாம் பார்ப்பது போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. இரண்டுக்கும் கலெக்ட்டியில் வேறு வேறு வகை. மாணவன் ஒருவன் வெப்பநிலையை மீட்டர் வகையில் போட்டுவிட்டான். 22 இருந்தது 21 ஆனதும், மீட்டர் கடைசி எண்வரை ஓடி முடித்து முதலிலிருந்து தொடங்கிவிட்டது என்று கலெக்ட்டி எடுத்துக்கொண்டது. அந்தக் கடைசி எண் 429 கோடிக்கு மேலே. அவன் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான்.

பெயர் வைப்பதில்தான் என் கவனம் கூட. ஒவ்வோர் உணரிக்கும் தொழிற்சாலையிலேயே நீளமான ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அதையே பெயராக வைத்தால், நாளைக்கு உணரி பழுதாகி மாற்றும்போது பழைய கோடு நின்றுவிடும், புதுக்கோடு வேறாகத் தொடங்கும். நம் தோட்டங்களில் பத்தாம் நம்பர் மலை என்றால் யார் கொழுந்து எடுத்தாலும் அது பத்தாம் நம்பர் மலைதானே. அதனால் நான் "முதல் தொட்டி, உலர்" "முதல் தொட்டி, ஈரம்" என்று இடத்தின் பேரை வைத்தேன். இரண்டின் வித்தியாசத்தைப் பிளகினிலேயே கழித்து அனுப்பவில்லை. அளந்ததை அளந்தபடி அனுப்பி, கழிப்பதை வரையும்போது செய்துகொள்வது நல்லது. கழித்த எண்ணை மட்டும் வைத்திருந்தால், அது ஏன் அப்படி என்று திரும்பிப் போய்ப் பார்க்க வழியில்லை.

அது கைகொடுத்த சம்பவம் ஆடி மாதத்தில் வந்தது. மூன்று நாள் மேல்மாடியில் வித்தியாசம் பூச்சியம், அதாவது காற்றில் ஈரம் முழுக்க நிறைந்திருக்கிறது. வெளியே கைக்கெட்டிய தூரம் தெரியாத பனி. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றாம் நாள் இரவு, அதே பையன் போன் எடுத்தான். "சேர், கொழுந்து நல்லா வாடிட்டு. உங்க கோடு மட்டும் ஈரம்னு சொல்லுது" என்றான். நான் பழைய எண்களைத் திறந்தேன். வித்தியாசம் பூச்சியமானது எப்படி என்று அங்கே தெளிவாக இருந்தது: உலர் உணரி இருந்த இடத்திலேயே நிற்கிறது, ஈர உணரிதான் மெல்ல மெல்ல ஏறி அதைத் தொட்டிருக்கிறது. பனியால் வந்ததென்றால் உலர் உணரியும் இறங்கியிருக்கும். "போய்த் திரியைத் தொட்டுப் பார்" என்றேன். போனை வைக்காமலே மரப்படி ஏறிப் போனான். சத்தம் கேட்டது.

"காஞ்சு போச்சு சேர். போத்தல்ல தண்ணியே இல்ல."

85ஐப் பிடிக்க விதி எழுதலாம். காய்ந்த திரி 20 என்று சொன்னால் அது பொய்யில்லை, திரியின் சூடு 20தான். அதை என் நிரல் எப்படிப் பிடிக்கும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு ஒரு லீற்றர் போத்தல் ஒன்றைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறோம். இரவு ஒன்பது மணித் தேத்தண்ணிக்குப் போகும்போது அந்தப் பையன் அதை நிரப்பிவிட்டுப் போகிறான்.

நன்றி, வணக்கம்.