விரலில் 99, மூளையில் 14

வணக்கம். இன்றைக்கு உங்களிடம் ஒரு எண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் நியூரோ ஐசியூவில், அதாவது மூளை நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், நர்ஸாக வேலை பார்க்கிறேன். அங்கே அப்பாவைப் பார்க்க வந்த ஒரு பெண் மானிட்டரைக் காட்டி என்னிடம் கேட்டாள்: "சிஸ்டர், ஆக்சிஜன் 99 காட்டுதே. அப்புறம் எதுக்கு தலையில ஒயர் வச்சிருக்கீங்க?"

ரொம்ப நியாயமான கேள்வி. விரலில் மாட்டும் கிளிப், விரலுக்கு வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லும். நுரையீரல் தன் வேலையைச் செய்கிறது என்று அதற்குப் பொருள். அந்த ரத்தம் மூளைக்குள் போய்ச் சேர்ந்ததா என்பது விரலுக்குத் தெரியாது. உடம்பு எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே வேண்டும், சேமித்து வைக்கவும் அதற்கு வழியில்லை.

அந்த அப்பாவுக்கு மூளை ரத்தக்குழாயில் இருந்த வீக்கம், அதாவது அனியூரிசம், வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் பரவியிருந்தது. காயில், அதாவது மெல்லிய கம்பிச்சுருள், வைத்து அந்த வீக்கத்தை அடைத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் கசிந்த ரத்தம் அங்கேயேதான் இருக்கிறது. அது சிதையும்போது, பெரும்பாலும் 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள், ரத்தக்குழாய்கள் சுருங்கலாம். அதனால் வரும் சேதத்தைக் குறைக்கத்தான் நிமோடிபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். விழித்திருப்பவர் என்றால் "கையைத் தூக்குங்க" என்று கேட்டே கண்டுபிடித்துவிடலாம். மயக்க மருந்தில், வென்டிலேட்டரில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது?

அதற்குத்தான் அந்த ஒயர். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, 2, 3 சென்டிமீட்டர் ஆழத்தில் மூளையின் வெண்பகுதிக்குள் வைப்பார்கள். 1956-ல் லேலண்ட் கிளார்க் வெளியிட்ட ஆக்சிஜன் மின்முனையின் தத்துவத்தில்தான் இவற்றில் பல இன்றும் இயங்குகின்றன. அந்த இடத்தில் ஆக்சிஜனின் அழுத்தத்தை அது மில்லிமீட்டர் பாதரசத்தில் காட்டும், விரல் கிளிப்பைப் போலச் சதவீதத்தில் இல்லை. 25 முதல் 35 வரை இருந்தால் நிம்மதி. 20-க்குக் கீழே இறங்கினால் காரணம் தேட ஆரம்பிப்போம். 10-க்குக் கீழே என்றால் ரொம்ப ஆபத்து.

அவருக்கு அது 6-ஆம் நாள். ராத்திரி இரண்டரை மணி. 24 இருந்த எண் 18 ஆனது, அப்புறம் 14. விரலில் அதே 99. மண்டைக்குள் அழுத்தம் 11, ரத்த அழுத்தமும் சரி. முதலில் ஒயரைப் பார்த்தேன், கழன்றிருக்கவில்லை. டியூட்டி டாக்டர் வென்டிலேட்டரில் ஆக்சிஜனை 100 சதவீதத்துக்கு ஏற்றினார். சில நிமிடத்தில் எண் சரசரவென்று ஏறியது. அப்படியென்றால் ப்ரோப், அதாவது அந்த ஒயர், பொய் சொல்லவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அப்படியே 100-லேயே விட்டிருந்தால் திரையில் எண் அழகாக இருந்திருக்கும். காரணம் மறைந்துபோயிருக்கும். டாக்டர் ஆக்சிஜனைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டு ஏபிஜி, அதாவது ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கும் சோதனை, எடுக்கச் சொன்னார். கார்பன் டை ஆக்சைடு 29, ரொம்பக் குறைவு. சாயங்காலம் வென்டிலேட்டரில் மூச்சு எண்ணிக்கையைக் கூட்டியவர்கள் திரும்பக் குறைக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கும். மண்டை அழுத்தம் இறங்கி நல்லதுபோலத் தெரியும், கூடவே ரத்த ஓட்டமும் இறங்கிவிடும். நிமிடத்துக்கு 20 மூச்சு என்பதை 14 ஆக்கினோம். நான் கட்டிலை விட்டு நகரவில்லை. 15, 17, அரை மணி நேரத்தில் 22.

8-ஆம் நாள் மறுபடி விழுந்தது. இந்த முறை கார்பன் டை ஆக்சைடு 37, சரியாக இருந்தது. ஹீமோகுளோபின், காய்ச்சல் எல்லாம் பார்த்துவிட்டு, அனியூரிசம் அடைபட்டிருந்த தைரியத்தில் நார்அட்ரினலின் கொடுத்து ரத்த அழுத்தத்தை உயர்த்தினார்கள். எண் ஏறியது. காலையில் ஆஞ்சியோவில் குழாய் சுருங்கியிருந்தது தெரிந்தது. ஒரே எண், இரண்டு ராத்திரி, இரண்டு வேறு காரணம்.

இதில் ஒரு பெரிய குறை உண்டு. ப்ரோப் தன்னைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டரை மட்டும்தான் அளக்கும். வலப்பக்கம் வைத்திருக்க, இடப்பக்கம் குழாய் சுருங்கினால் அது பாட்டுக்கு 28 காட்டிக்கொண்டிருக்கும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? தலைக்காயம் பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பூஸ்ட்-2 ஆய்வு 2017-ல் வெளியானது. 119 பேர். இந்த எண்ணையும் பார்த்துச் சிகிச்சை செய்தபோது, மூளை ஆக்சிஜன் குறைந்து கிடக்கும் நேரம் நன்றாகக் குறைந்தது. பிரான்சின் ஆக்ஸி-டிசி ஆய்வில் 318 பேர். 2023-ல் வந்த முடிவில், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பிழைத்து எழுவதில் வித்தியாசம் இல்லை. இரண்டுமே தலைக்காயம் பட்டவர்களிடம் நடந்தவை, இவரைப் போல அனியூரிசம் வெடித்தவர்களிடம் இல்லை. அதனால் உங்கள் ஆஸ்பத்திரியில் இந்த ஒயர் இல்லை என்றால் தயவுசெய்து பதறாதீர்கள். ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் இருக்கிறது, சிடி இருக்கிறது, மணிக்கு மணி கண்மணியையும் கைகாலையும் பார்க்கும் ஆள் இருக்கிறார். அந்த ஆள்தான் எனக்கு முக்கியம்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு எண்களையும் காட்டி, "இது விரலும்மா, இது மூளை" என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் பார்வை நேரத்தில் வந்தவள் நேராக இரண்டாவது வரியைப் பார்த்தாள். "இன்னைக்கு 23 சிஸ்டர். சிஓ2 எவ்வளவு?"