கடைசி வரிசைக்கும் கேட்ட குரல்

அவைத்தலைவர் அவர்களே, இசை நாடகக் கலைஞர்களே, தாய்மாரே, தம்பி தங்கையரே, வணக்கம்.

நாடக மேடையிலும் சினிமாவிலும் பாடி நடித்த கே. பி. சுந்தராம்பாளின் குரலைப் புகழ நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அவருக்கும் சனங்களுக்கும் இருந்த உறவைப் பற்றி.

அந்த உறவு ஸ்பெஷல் நாடகத்தில் உருவானது. மூத்தவர்களுக்கு அது தெரியும். நிரந்தரக் குழு கிடையாது. கதாநாயகனாக நடிக்கிற ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், கதாநாயகியாக நடிக்கிற ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். மேடையில் சந்தித்து, பாட்டாலேயே தர்க்கம் பண்ணி, விடியும்வரை கதையை நடத்த வேண்டும். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. முன்னால் நாற்காலியில் இருக்கிறவருக்கும் பின்னால் மண்ணில் இருக்கிறவருக்கும் அதே தொண்டைதான். சொல் விளங்காவிட்டால் முதலில் சத்தம் போடுகிறவர் பின்னால் இருக்கிறவர். பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்' கேட்கிறவரும் அவர்தான். சுந்தராம்பாள் எவ்வளவு மேலே போனாலும் ஓர் எழுத்துக்கூட நசுங்காது. அந்தக் கடைசி வரிசைக்கு அவர் கொடுத்த மரியாதை அது என்றே நான் நினைக்கிறேன்.

1926இல் அவரும் நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து மேடை ஏறியது கொழும்பில். பிறகு ஊர் ஊராகக் கொண்டாடப்பட்ட அந்தச் சோடியை எங்கள் நாட்டு ரசிகர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய பெருமை.

பின்னால் அவருக்குக் கணவருமான கிட்டப்பா 1933இல் காலமானார். அவருக்கு 27 வயது, இவருக்கு 25. வெள்ளைச் சேலை உடுத்தார். இனி எந்த ஆணுக்கும் சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சோடி நடிப்பாலே பேர் வாங்கிய ஒருவர் இப்படிச் சொன்னால் பிழைப்பு என்னாவது? சனங்கள் அவரை விடவில்லை. 1935இல் வந்த படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்திலேயே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! சினிமாவுக்கு அவர் புதியவர். அவ்வளவு பணத்தை யாரை நம்பிக் கொடுத்திருப்பார்கள்? கொட்டகையில் விடிய விடிய இருந்து கேட்டவர்களை நம்பித்தானே!

அப்புறம் 1953இல் ஔவையாராக வந்தார். ஆத்திசூடியை மனப்பாடம் பண்ணின பிள்ளைகளுக்கு ஔவைக்கு ஒரு முகம் கிடைத்தது. நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் தடி. எங்கள் வீட்டு ஆச்சி மாதிரியே இருந்தார். நட்சத்திரத்தைப் பார்க்க ஆசைப்படுவது ஒரு வகை. 'இவ எங்கட ஆச்சி' என்று உரிமை கொண்டாடுவது வேறு வகை. கூட்டத்தோடு சிரித்துப் பழகி வாங்கிய உரிமை இல்லை அது. தன் துக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு, பாட்டை முழுசாகக் கொடுத்த ஒருவரிடம் சனங்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்ட உரிமை.

யாழ்ப்பாணத்துக்கு இது புரியும். எங்கள் இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடும்போது, கதை முடிவு தெரிந்திருந்தும் அழுத ஊர் இது. தெரிந்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிற ரசிகன்தான் பாடகரைச் சரியாகப் பாட வைக்கிறான். ஓர் அடியை விட்டால் அவனே எடுத்துக் கொடுப்பான்.

சரி, ஆர்மோனியத்தோடு தம்பிமார் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதல் பாட்டைப் பாடுங்கள். பின்னால் இருக்கிறவர்கள் கேட்கவில்லையென்றால் கூச்சப்படாமல் சத்தம் போடுங்கள்.