மாத்திரையை நிறுத்தியதும் தலைக்குள் கரண்ட் அடிக்கிறதே, ஏன்?

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இதே விஷயத்தை நான்கைந்து பேர் வேறு வேறு மாதிரி கேட்டிருக்கிறீர்கள். இது பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு பெண் அனுப்பியது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சுருக்கிப் படிக்கிறேன்.

"டாக்டர், மனச்சோர்வுக்காக ஒன்றரை வருஷம் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிட்டேன். நன்றாகத் தேறிவிட்டேன். சேலத்திலிருந்து மாமியார் வந்து ஒரு மாதம் தங்கப்போகிறார். அவர் கண்ணில் பட வேண்டாமே என்று போன வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுரீரென்று கரண்ட் அடிக்கிறது. கிறுகிறுப்பு, குமட்டல், கண்டபடி கனவு. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. நோய் திரும்பிவிட்டதா? நான் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன் என்கிறார் கணவர். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதா, மறுபடி போடுவதா?"

சரி அம்மா. முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் சொல்கிற தேதிகளையும் தொந்தரவுகளையும் வைத்துப் பார்த்தால் இது நோய் திரும்பியது மாதிரித் தெரியவில்லை. மருந்தைத் திடீரென்று விட்டதால் வருகிற தொந்தரவு. அடிமையும் ஆகவில்லை. பல்லைக் கடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்கு எழுதிக்கொடுத்த டாக்டருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். பெரும்பாலும் பழைய அளவையே மறுபடி தொடங்கச் சொல்வார். தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் அந்தக் கரண்ட் அடங்கிவிடும். அப்புறம் நிதானமாகக் குறைக்கலாம்.

இப்போது ஏன் என்று சொல்கிறேன். மூளையில் செரடோனின் என்று ஒரு வேதிப்பொருள். நரம்பு அதை வெளியே விட்டதும், திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு வாசல் இருக்கிறது. உங்கள் மாத்திரை அந்த வாசலை அடைத்து நிற்கிறது. ஒன்றரை வருஷம் அடைத்தே இருந்ததால் மூளை அதற்கு ஏற்ற மாதிரி தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. ஒரே நாளில் நீங்கள் அடைப்பை எடுத்துவிட்டீர்கள். மூளை தன் பழைய கணக்குக்குத் திரும்ப அவகாசம் வேண்டும். அந்த இடைப்பட்ட நாட்களில் வருவதுதான் இதெல்லாம்.

மூன்றாம் நாள் ஏன்? எஸ்சிட்டலோபிராம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் மருந்து நன்றாக இறங்கிவிடும். மனச்சோர்வுக்கே கொடுக்கிற வென்லாஃபாக்சின் என்ற மருந்து ஐந்து மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். அதை ஒரு வேளை மறந்தாலே சிலருக்குத் தலை சுற்றும். பராக்செட்டினும் அப்படிப்பட்ட ரகம்தான். ஃப்ளூவாக்செட்டின் நேர் எதிர். உடம்பில் அது மாறி உண்டாகும் பொருள் இறங்க வாரக்கணக்கில் ஆகும். தானே மெல்லக் குறைவதால் அதில் இந்தத் தொந்தரவு குறைவு. சில டாக்டர்கள் கடைசிக் கட்டத்தில் அதற்கு மாற்றி நிறுத்துவதும் இதனால்தான்.

நோய் திரும்பியதா, நிறுத்தியதால் வந்ததா என்று எப்படித் தெரியும்? இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் படிப்பு முடித்த புதிதில், மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் எழுதுவேன். அப்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு ஆட்டோ ஓட்டுநர் வந்தார். நிறுத்திய நான்காம் நாள் அழுகை, எரிச்சல், தூக்கமில்லை. நோய் திரும்பிவிட்டது என்று சொல்லி மாத்திரையை இரட்டித்துக் கொடுத்தேன். அவர் போகும்போது, "சார், வண்டியைத் திருப்பும்போது தலைக்குள்ள பொறி பறக்குதே, அது முன்னாடி இருந்ததில்லையே" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடை அவர் வாயிலேயே இருந்தது. முன்பு எப்போதும் இல்லாத ஒன்று, நிறுத்திய சில நாளிலேயே வந்தால், அது மருந்து போனதால் வந்தது. மனச்சோர்வு திரும்புவது வேறு மாதிரி. வாரங்கள், மாதங்கள் எடுத்து, உங்களுக்குப் பழகிய பாதையிலேயே மெல்ல மெல்ல வரும். காலையில் எழ மனமில்லாமை, எதிலும் ருசி இல்லாமை, தான் ஒன்றுக்கும் ஆகாதவள் என்ற நினைப்பு. அதற்குக் கரண்ட் அடிக்காது. மருந்தைத் தொடங்கினாலும் இரண்டு நாளில் தீராது, சில வாரம் பிடிக்கும். சிலருக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் உண்டு. அதனால்தான் நாள்காட்டியில் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்கிறேன். என்ன அளவு, என்ன தொந்தரவு, எத்தனை மணி நேரம் தூக்கம். நினைவை நம்பாதீர்கள்.

கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்தச் சொல் பொருந்தாது. அடிமை என்றால் மனசு அதையே தேடும், அளவு ஏறிக்கொண்டே போகும், வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு அதன் பின்னால் அலைவார்கள். நீங்கள் ஒன்றரை வருஷமும் அதே 10 மில்லிகிராம். போதும் என்று நீங்களே நிறுத்தியிருக்கிறீர்கள். உடம்பு பழகிக்கொள்வது வேறு. பிரஷருக்குக் கொடுக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் திடீரென்று விட்டால் நெஞ்சு படபடக்கும். ஸ்டீராய்டையும் படிப்படியாகத்தான் குறைப்போம். அதைச் சாப்பிடுகிற மாமாவை யாரும் அடிமை என்று சொல்வதில்லையே.

இது எல்லோருக்கும் வருமா? வராது. 2024ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 31 பேர் ஏதாவது ஒரு தொந்தரவு சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 பேர் சொன்னார்கள். எதிர்பார்த்துப் பயந்தாலும் உடம்பு பேசும். அதைக் கழித்தால் ஆறேழு பேரில் ஒருவருக்கு மருந்தினாலேயே வருகிறது. கடுமையாக வருவது நூற்றுக்கு மூன்று பேருக்கு. ரொம்ப நாள் சாப்பிட்டவர்களுக்கு இது கூடுதலாக இருக்கலாம். இது புதிய விஷயமும் இல்லை. இமிப்ரமின் என்ற பழைய மருந்தை நிறுத்தியபோது வந்ததை 1959லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் லேசாக வரும், ஒரு வாரத்தில் போய்விடும் என்றே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். இங்கிலாந்தின் மனநல மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் 2019ல்தான், சிலருக்குக் கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கும் என்று ஒத்துக்கொண்டது. நோயாளிகள் சொல்லிச் சொல்லி வந்த மாற்றம் அது.

அடுத்து, எப்படிக் குறைப்பது. உப்பை வைத்துச் சொல்கிறேன். உப்பே போடாத சாம்பாரில் முதல் அரை ஸ்பூன் போட்டதும் ருசி எங்கேயோ போய்விடும். அடுத்த அரை ஸ்பூனுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. மூளையில் இந்த மருந்தும் அப்படித்தான். வழக்கமாகக் கொடுக்கும் சாதாரண அளவிலேயே நான் சொன்ன வாசல்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு அடைபட்டுவிடும். அளவை இரட்டித்தாலும் அதற்கு மேல் கொஞ்சம்தான் ஏறும். இதையே தலைகீழாகப் பாருங்கள். 20லிருந்து 10க்கு வருவது சின்னப் படி. 5லிருந்து ஒன்றுமில்லாமல் ஆவது கிணற்றில் குதிக்கிற மாதிரி. "பாதி மாத்திரை வரைக்கும் ஒன்றும் தெரியல டாக்டர், அந்தக் கடைசிப் பாதியை விட்டதும்தான் ஆட்டம் கண்டுட்டேன்" என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2019ல் இந்தக் கணக்கை விளக்கி எழுதினார்கள். ஹோரோவிட்ஸ் தானே மருந்தை நிறுத்தப் போராடியவர். அது தெரிந்த பிறகு அந்தக் கட்டுரையை இன்னொரு முறை வாசித்தேன்.

ஆகவே இறங்க இறங்கப் படிகள் சின்னதாக வேண்டும். உங்கள் அளவுக்கு 10, ஏழரை, 5, இரண்டரை, அதிலும் பாதி என்று போகலாம். ஒவ்வொன்றிலும் இரண்டிலிருந்து நான்கு வாரம். இது ஒரு மாதிரிதான், உங்கள் டாக்டர் மாற்றிச் சொன்னால் அதையே கேளுங்கள். 5 மில்லிகிராம் மாத்திரையாகவே கிடைக்கிறது. மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி மெடிக்கல் ஷாப்பில் கேளுங்கள், அரிவாள்மனையில் வைத்து வெட்டாதீர்கள், தூளாகிவிடும். (சிரிக்கிறார்) என் பேஷண்ட் ஒருவர் செய்திருக்கிறார். ஒரு படியில் தொந்தரவு வந்தால் அங்கேயே நில்லுங்கள், அல்லது ஒரு படி ஏறிக்கொள்ளுங்கள். யாரும் மார்க் போடப் போவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது மட்டும் வேண்டாம். மருந்து ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நிறுத்தும் அவஸ்தையைத் திரும்பத் திரும்பப் படுவீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். நம் நாட்டில் எஸ்சிட்டலோபிராமோடு குளோனாசிபம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைச் சேர்த்த மாத்திரை ரொம்பச் சாதாரணமாகப் புழங்குகிறது. சாப்பிடுகிறவருக்கே உள்ளே இரண்டு மருந்து இருப்பது தெரியாது. குளோனாசிபத்தை நாள்பட எடுத்துவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்பு வரைக்கும் போகலாம். உங்களுடையது அந்த ரகம் என்றால் நாளைக்குக் கூடத் தள்ளாதீர்கள், இன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, மெல்ல மெல்லக் கரையும் எக்ஸ்டெண்டட் ரிலீஸ் மாத்திரைகளைச் சொந்தமாக உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

இந்தக் கரண்ட் அடங்குகிற வரை என்ன செய்வது? முதலில் ஸ்கூட்டியைத் தொடாதீர்கள். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போதுதான் கரண்ட் அடிக்கிறது என்கிறீர்கள். சில்க் போர்டு ஜங்ஷனில் எத்தனை தடவை பக்கவாட்டில் பார்க்க வேண்டும்! சில நாள் கம்பெனி பஸ், இல்லையென்றால் வீட்டிலிருந்தே வேலை. அந்தக் கரண்ட் மூளையைக் கெடுத்ததாகச் சான்று இல்லை, பயப்படாதீர்கள். குமட்டலுக்கு வெறும் வயிற்றோடு இருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ரசம் சாதம், மோர், இஞ்சி தட்டிப்போட்ட டீ. மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம், தூக்கம் ஏற்கெனவே தடுமாறுகிறது. தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வீர்கள். மதுவும் ஆகாது. விளம்பரத்தைப் பார்த்து அழுகை வந்தால் அழுதுவிட்டுப் போங்கள், அது உங்கள் குணம் மாறிப்போனதற்கு அடையாளம் இல்லை.

வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால், வலிப்பு வந்தால், அல்லது தூங்காமலே இரண்டு மூன்று நாள் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்தால் காத்திருக்கக் கூடாது. ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கிறது. டெலி மானஸ் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணும் இருக்கிறது, 2022லிருந்து நடக்கிறது. இலவசம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக மாமியார். வீட்டில் விருந்தாள் இருக்கிற மாதம், ஆபீசில் ரிலீஸ் இருக்கிற மாதம், இதெல்லாம் மருந்தை நிறுத்துகிற நேரம் இல்லை. அவர் சேலம் திரும்பி, வீடு பழைய ஓட்டத்துக்கு வந்த பிறகு குறைக்கத் தொடங்குங்கள். அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொல்ல மனமில்லையென்றால் அட்டையை ஆபீஸ் பையில் வையுங்கள், மதியம் சாப்பிட்டதும் போட்டுக்கொள்ளுங்கள். நேரம் மாற்றுவதை மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கணவரிடம் இந்த வீடியோவைக் காட்டுங்கள். அடுத்த தடவை கிளினிக் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் கேட்க நிறைய இருக்கும்.