கிருமி உள்ளே போகாமலே வரும் நோய்

நேயர்களுக்கு வணக்கம். பாக்டீரியாவால் நோய் வருகிறது என்றதும், அது உடலுக்குள் புகுந்து சதையை அரிக்கிறது என்றே பலரும் எண்ணுகிறோம். காசநோய்க் கிருமி நுரையீரலைக் குடைவது உண்மைதான். ஆனால், நம் பாட்டிமார் பெயரைச் சொல்லவே அஞ்சிய வாந்திபேதி, அதாவது காலரா, அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதன் கிருமி குடற்சுவரைத் தாண்டுவதே இல்லை.

அசுத்தமான தண்ணீரோடு விழுங்கப்படும் கிருமிகளில் பெரும்பகுதி இரைப்பை அமிலத்திலேயே மடிந்துவிடுகிறது. தப்பியவை வால் போன்ற இழையை அசைத்து நீந்திச் சென்று, சிறுகுடலின் உட்பரப்பில் ஒட்டிப் பெருகி, நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சின் ஐந்து கூறுகள் வளையமாகச் செல்லைப் பற்றிக்கொள்ள, ஆறாவது கூறு மட்டும் உள்ளே நுழைந்து, உப்பை வெளியேற்றும் கட்டளை ஓயாமல் நீடிக்கும்படி செய்துவிடுகிறது. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். நோய் கடுமையானால் மணிக்கு 1 லிட்டர் வரை போகும். மலம் நிறமிழந்து, அரிசி களைந்த கழுநீர் போலாகி, அதில் சளித் துணுக்குகள் மிதக்கும். கண்கள் குழிவிழும், விரல் நுனிகள் நெடுநேரம் துணி துவைத்தவர் கைபோலச் சுருங்கும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு சட்டென்று மறையாது. சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம்.

1884-இல் கல்கத்தாவில் இக்கிருமியைப் பிரித்தெடுத்த ராபர்ட் கோக், நஞ்சு ஒன்று இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அதை மெய்ப்பிக்க 75 ஆண்டுகள் ஆயின. தேடியவர்களில் பலர் நஞ்சு இரத்தத்தில் கலப்பதாகக் கருதியிருக்க, அதே கல்கத்தாவில் சம்புநாத் தே, முயலின் குடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டி, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை அதனுள் செலுத்தினார். ஒரு கிருமிகூட இல்லாமலே அந்தத் துண்டு நீரால் உப்பியது. 1959-இல் வெளியான இந்த முடிவுக்கு உரிய பெருமை அவர் வாழ்நாளில் கிட்டவில்லை என்பது என் ஆதங்கம்.

ஆனால், ஒரே ஒரு வழியை இந்த நஞ்சு அடைக்காமல் விட்டுவிடுகிறது. சர்க்கரையும் உப்பும் கைகோத்துக் குடலிலிருந்து உடலுக்குள் உறிஞ்சப்படும் வழி அது. தண்ணீரும் அவற்றின் பின்னே உள்ளே வரும். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைத் தூளின் ஒரு லிட்டர் பொட்டலத்தில் 2.6 கிராம் உப்போடு 13.5 கிராம் குளுக்கோஸ் சேர்க்கப்படுவது இதற்காகத்தான். வெறும் தெம்புக்காக என்று நினைத்து அளவை மாற்றிவிடாதீர்கள். 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இத்தகைய கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.