காய்ச்சல் மருந்துப் பாட்டிலில் எதைப் படிக்க வேண்டும்?

தாய்மார்களே, அப்பாமார்களே, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளே, வணக்கம்.

உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமால் பாட்டிலைப் பற்றித்தான் இன்று பேச்சு. டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைப்பதால், கொஞ்சம் கூடினாலும் ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. சரியான அளவில் நல்ல மருந்துதான். அந்த அளவு எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

கடையில் 'குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து' என்று கேட்டால் மூன்றில் ஏதோ ஒன்று கைக்கு வரும். முதலாவது சாதாரண சிரப். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் மருந்து. இரண்டாவதில் அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம். பெயரோடு '250' என்றோ 'டிஎஸ்' என்றோ போட்டிருக்கும். மூன்றாவது கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து. பாட்டில் சின்னது, ஆகவே வீரியம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றிலும் வீரியம் கூடியது அதுதான்: ஒரே மில்லியில் 100 மில்லிகிராம்.

ஒரு வேளைக்கான கணக்கு, குழந்தையின் எடையை 15-ஆல் பெருக்குவது. வயதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு வயதில் 9 கிலோ பிள்ளையும் உண்டு, 14 கிலோ பிள்ளையும் உண்டு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் அது 6 மில்லி. 250-இல் 3 மில்லி. சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. 'எங்க வீட்டுப் பையனுக்கு 6 மில்லிதான் கொடுத்தோம், நீயும் கொடு' என்று போனில் சொல்லும் சித்தியிடம் எந்தப் பாட்டில் என்று கேளுங்கள். அந்த 6 மில்லியைச் சொட்டு மருந்திலிருந்து கொடுத்தால் 600 மில்லிகிராம். நான்கு வேளை மருந்து ஒரே மடக்கில்.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். அம்மா ஆறு மணிக்குக் கொடுத்தது தெரியாமல் பாட்டி ஏழு மணிக்குக் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கக்கூடியது. பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி நேரம், மருந்து, மில்லி மூன்றையும் எழுதுங்கள்.

அளப்பதற்குச் சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. கடையில் 5 மில்லி சிரிஞ்சை ஊசி இல்லாமல் கேட்டு வாங்குங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கியிருந்தால் முதல் நாள் வெறும் சர்க்கரைத் தண்ணீரும் கடைசி நாள் அதிக மருந்தும் போகும். சிரிஞ்சு நுனியைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும். பால் பாட்டிலில் கலந்தால், பாதியில் குழந்தை நிறுத்தும்போது எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேளைதான்.

சளிக்கு என்று விற்கும் சிரப்புகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது. அதையும் காய்ச்சல் சிரப்பையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அளவு. நான்கு வயதுக்குக் கீழே அந்தச் சளிக் கலவைகளே வேண்டாம்.

இபுபுரூஃபன், மெஃபனாமிக் ஆசிட் இரண்டும் காய்ச்சலைச் சட்டென்று இறக்கும், அதனால் பலருக்குப் பிடிக்கும். நம் ஊரில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் காய்ச்சல் டெங்குவா என்று தெரியும் முன்னே அவற்றைத் தொடாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும். வாந்தி பேதியில் உடல் வற்றிய குழந்தைக்கு இவை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. நிமெசுலைடு என்ற இன்னொரு காய்ச்சல் மருந்து 12 வயதுக்குக் கீழே 2011-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய அட்டை கிடந்தால் தூக்கிப் போடுங்கள்.

தெர்மாமீட்டர் 101 காட்டினாலும் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் மருந்து அவசியமில்லை. நாம் கொடுப்பது குழந்தையின் அவதிக்கு, எண்ணுக்கு அல்ல. வலிப்பு வராமல் இந்த மருந்து தடுக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 வந்தால் மட்டும் வீட்டு வைத்தியமே வேண்டாம். அன்றே டாக்டரிடம் போங்கள். தடுப்பூசி போட்ட அன்று வரும் காய்ச்சலுக்கு, ஊசி போட்ட இடத்திலேயே அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையைக் கத்தியால் கால் பங்காக வெட்டினாலும் அது 125 மில்லிகிராம். 5 கிலோ குழந்தைக்கு வேண்டியது 75-தான்.

கடைசியாக, அளவு மீறிப் போய்விட்டால். முதல் நாள் குழந்தை நன்றாகவே இருக்கும், இதுதான் நம்மை ஏமாற்றும். கல்லீரல் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதை முறிக்கும் மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாட்டிலையும் பிரிட்ஜில் ஒட்டிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்று தெரிந்தால்தான் ரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணை டாக்டரால் சரியாகப் படிக்க முடியும்.